பம்புசெட்டை எந்தப் பக்கம் எழுதுவது?

"வேறுபடுத்துக" என்ற வினாவகையைத் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு படித்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. தாளின் நடுவே அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையையும் வலப்பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் எழுதிய தலைமுறைகள் நாம். சில பக்கங்கள் தள்ளி அதே போல இன்னொரு கோடு வரும். அங்கே ஒரு பக்கம் வேளாண் சார்ந்த தொழிலகங்கள், மறுபக்கம் கனிமம் சார்ந்த தொழிலகங்கள். என் அக்கா மகள் அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, எடுத்துக்காட்டு எழுத வேண்டிய கடைசி வரியில் பேனாவை நிறுத்திவிட்டு, "மாமா, நம்ம ஊர் பம்புசெட் கம்பெனியெல்லாம் எந்தப் பக்கம் எழுதறது?" என்று கேட்டாள். இரும்பு என்பதால் வலப்பக்கம் என்று சொன்னேன். அவளும் எழுதிக்கொண்டாள். விடைத்தாள் திருத்தும் எந்த ஆசிரியரும் அதில் குறை காண மாட்டார். ஆனால் சரியான அந்த விடை பல வாரங்கள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் இரும்புத் தாது கிடையாது, நிலக்கரி கிடையாது, துறைமுகம் கிடையாது. கனிமமே இல்லாத ஊரில் கனிமம் சார்ந்த தொழில் ஏன் இவ்வளவு தழைத்தது என்ற கேள்விக்கு அந்தக் கோட்டின் இரு பக்கங்களிலும் இடமில்லை.

அட்டவணைகள் பொய் சொல்வதில்லை. பருத்தி நெசவு வேளாண்மையைச் சார்ந்தது என்பதும், இரும்பு எஃகுத் தொழில் சுரங்கத்தைச் சார்ந்தது என்பதும் உண்மை. மேற்குத் தொடர்ச்சி மலை தொடர்ச்சியானது, கிழக்குத் தொடர்ச்சி மலை மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா போன்ற ஆறுகளால் துண்டுபட்டது என்பதும் உண்மை. ஆனால் தொழில்களைப் பற்றிய அட்டவணையும் நிலத்தைப் பற்றிய அட்டவணையும் வெவ்வேறு பாடங்களில், வெவ்வேறு மாதங்களில் நடத்தப்பட்டு, ஒன்றையொன்று சந்திக்காமலேயே ஆண்டு முடிந்துவிடுகிறது. நிலத்தைத் தெரியாமல் தொழிலை வகைப்படுத்துவது எவ்வளவு தட்டையான வேலை என்பதை நான் புரிந்துகொள்ள, வேறெங்கும் போகாமல், கொங்கு நாட்டையே சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

மலையின் கணக்கில் சேராத இடைவெளி

மேற்குத் தொடர்ச்சி மலை தொடர்ச்சியானது என்ற வரியிலிருந்தே தொடங்கலாம். வடக்கே தொட்டபெட்டா 2637 மீட்டர். தெற்கே ஆனைமுடி 2695 மீட்டர். இந்த இரண்டு உயரங்களுக்கும் நடுவே, சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு, மலையே இல்லை. சில நூறு மீட்டர் உயரம் மட்டுமே கொண்ட தரை, கேரளத்தின் கடலோரத்தையும் தமிழ்நாட்டின் உட்புறப் பீடபூமியையும் நேராக இணைத்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் என்று பாடநூல் அதற்கு ஒரு வரி ஒதுக்கும். அட்டவணைக்கு அது விதிவிலக்கு. கோயம்புத்தூருக்கோ அந்த விதிவிலக்குதான் பிறப்புச் சான்றிதழ். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மலைத்தொடர் அந்த ஓரிடத்தில் இவ்வளவு அகலமாகத் திறந்துவிட்டதால் என்னென்ன நடந்தது என்று பட்டியல் போட்டால், வணிகப் பாதை, ரோமானிய நாணயங்கள், 1860-களில் சென்னையிலிருந்து மலபார்க் கரைக்குப் போன ரயில் பாதை, போத்தனூர் சந்திப்பு என்று நீண்டுகொண்டே போகும். ஆனால் தொழிலின் கோணத்தில் நான் முக்கியமாகக் கருதுவது காற்றை.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைப் பெரும்பாலும் மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. ஆகவே கோயம்புத்தூர் நகரம் மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்கும் குறைவான மழை. அதே மாவட்டத்தின் மலைமேல் இருக்கும் சின்னக்கல்லாறோ நாட்டிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. மற்ற மழை மறைவுப் பகுதிகளுக்கும் கோயம்புத்தூருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மழையைத் தராத அந்தக் காற்று, கணவாய் வழியாக ஈரத்தையும் குளுமையையும் கொண்டுவந்து ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊரின் மேல் வீசுகிறது. வறண்ட காற்றில் பஞ்சு இழை முறியும், நூல் அறும், இழைகளில் நிலைமின்சாரம் ஏறி ஒட்டிக்கொள்ளும். இன்று ஈரப்பதக் கருவிகள் இல்லாத ஸ்பின்னிங் மில் இல்லை. ஆனால் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் இங்கே சுழலத் தொடங்கியபோது, வானம் செய்து கொடுத்த அந்த வசதிக்கு விலை இருந்தது. பருத்தி விளைய வறண்ட வானமும் கரிசல் மண்ணும் வேண்டும். பருத்தியை நூற்க ஈரக்காற்று வேண்டும். இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும் இடங்கள் இந்தியத் தீபகற்பத்தில் அதிகம் இல்லை. இதே கணவாய்க் காற்றுக்காகத்தான் நூறாண்டுகள் கழித்து உடுமலை, பல்லடம் பக்கத்துக் காடுகளில் காற்றாலைகள் முளைத்தன என்பதும், அவற்றில் கணிசமானவற்றை நட்டவர்கள் மின்வெட்டால் தவித்த நூற்பாலை முதலாளிகளே என்பதும் இந்தக் கதையின் பிற்சேர்க்கை.

கரும்பும் பருத்தியும் ஒரே பக்கத்தில்

வேளாண் சார்ந்த தொழிலகங்கள் என்ற தலைப்பின் கீழ் பருத்தி ஆலையும் சர்க்கரை ஆலையும் எப்போதும் அடுத்தடுத்து நிற்கும். தேர்வுக்கு இது போதும். நிலத்தில் நின்று பார்த்தால், இவை இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தவருக்குக் கரும்பு லாரியின் பின்னால் காத்திருந்த அனுபவம் இருந்திருக்காது என்று தோன்றுகிறது. நூறு கிலோ கரும்பை ஆட்டினால் கிடைப்பது ஏறத்தாழ பத்துக் கிலோ சர்க்கரை. மிச்சமெல்லாம் சக்கையும் நீரும் கழிவுப்பாகும். அதோடு, வெட்டிய கரும்பில் நேரம் ஆக ஆக இனிப்பு குறைந்துகொண்டே போகும். ஆகவே சர்க்கரை ஆலை வயலை விட்டு விலகவே முடியாது. இந்தக் குணத்தில் அது பருத்தி ஆலையை விட இரும்பு உலைக்குத்தான் நெருங்கிய உறவு. இரண்டும் எடையை இழக்கும் மூலப்பொருளுக்குக் கட்டுப்பட்டவை. பஞ்சு அப்படியில்லை. ஜின்னிங் ஆலையில் கொட்டை நீக்கிய பின், ஒரு பேல் பஞ்சு கிட்டத்தட்ட அதே எடைக்கு நூலாகிறது. கெட்டுப்போவதும் இல்லை. குஜராத்தில் அழுத்திக் கட்டிய பேல், கோயம்புத்தூர் வந்து சேரும்போதும் அதே பேல்தான்.

இதன் விளைவை இன்று கண்ணால் பார்க்கலாம். தமிழ்நாட்டில் விளையும் பருத்தி, தமிழ்நாட்டு ஆலைகளின் தேவையில் மிகச் சிறிய பங்கு. குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களிலிருந்தும், தூத்துக்குடி துறைமுகம் வழியாக வெளிநாடுகளிலிருந்தும் பஞ்சு வருகிறது. ஆலை இங்கேயே இருக்கிறது. கரிசல் காட்டை நம்பிப் பிறந்த தொழில், கரிசல் காடு வீட்டுமனையான பிறகும் உயிரோடு இருக்கிறது. சர்க்கரை ஆலைக்கு அது முடியாது. வட்டாரத்தில் கரும்பு குறைந்தால் அரவை நின்றுவிடும். ஒரே பக்கத்தில் எழுதப்பட்ட இரண்டு தொழில்கள் நெருக்கடி வரும்போது இப்படி எதிரெதிர்த் திசையில் நடந்துகொள்கின்றன என்றால், அந்தப் பக்கத்துக்கு மேலே எழுதிய தலைப்பு எதைச் சொல்கிறது?

கரும்பு என்றதும் இடையில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்டதற்குக் காரணம் இங்கே சர்க்கரை ஆலைகள் நிறைய இருந்தன என்பதல்ல. வட இந்தியாவில் எளிதில் பூக்காத கரும்பு இங்கே பூக்கும். பூத்தால்தான் ஒட்டுக் கட்ட முடியும். அந்நிலையத்தின் விஞ்ஞானிகள் பார்பரும் வேங்கடராமனும் இங்கே உருவாக்கி 1918-இல் வெளிவந்த கோ 205 என்ற ரகம் பஞ்சாபில் பரவியது. தொடர்ந்து வந்த கோ ரகங்கள் வட இந்தியக் கரும்பு வயல்களையே மாற்றிவிட்டன. ஒரு பீடபூமியின் தட்பவெப்பம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு சமவெளியின் தொழிலை வளர்த்தது. இதை எந்த அட்டவணையின் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கிணறு

பம்புசெட்டுக்கு வருகிறேன். பீளமேட்டுப் பக்கம் பவுண்டரி என்னும் இரும்பு வார்ப்பாலை நடத்தி, இப்போது அதை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவரை ஒரு திருமண வீட்டில் சந்தித்தேன். அக்கா மகளின் கேள்வி மனதில் இருந்ததால், "இரும்பே இல்லாத ஊருல எப்படிங்க ஐயா இத்தனை பவுண்டரி வந்துது?" என்று கேட்டேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து அமரும் வரை பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "இரும்பு எங்கிருந்து வந்துதுன்னு கேக்காதீங்க தம்பி. காசு குடுத்தா அது ரயில்ல வரும். கெணறு எங்கிருந்து வந்துதுன்னு கேளுங்க."

எனக்குள் உறுத்திக்கொண்டிருந்ததற்கு முதன்முதலாக ஒரு பிடி கிடைத்தது அப்போதுதான். அவர் சொன்னதை நான் பிறகு படித்தவற்றோடு சேர்த்து எழுதுகிறேன். கோயம்புத்தூர் பீடபூமி, 150 முதல் 450 மீட்டர் உயரத்தில் கிடக்கும் மிகப் பழைய கடினப் பாறை. அதற்கு மேலே மண் சில அடிகள்தான். பாறைக்குள் தண்ணீர் தேங்குவதற்கு வெடிப்புகளையும் பிளவுகளையும் தவிர வேறு இடமில்லை. ஆகவே இங்கே கிணறு என்பது தோண்டுவதல்ல, உடைப்பது. தமர் போட்டு, வெடி வைத்து, பாறையை அள்ளி மேலே கொண்டுவந்து, அறுபது எண்பது அடி இறங்கினால்தான் பிளவுகளில் கசியும் நீர் ஒரு பகல் இறைக்கும் அளவுக்குச் சேரும். அதைக் கவலை பூட்டி, சாலில் மொண்டு, எருதுகளைப் பின்னும் முன்னும் நடத்தி இறைத்த காலத்தில் ஒரு கிணறு நனைக்க முடிந்த நிலம் மிகக் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. நீண்ட இழை, நல்ல விலை; மில்கள் அதைத்தான் விரும்பின. ஆனால் மானாவாரிக் கரிசலில் விளைந்த கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியைப் போலன்றி, இதற்குத் தோட்டக்கால் வேண்டும், பாசனம் வேண்டும். பருத்திக்கு விலை ஏற ஏற, கிணறு ஆழமாயிற்று. கிணறு ஆழமாக ஆக, எருது தோற்றது.

இங்கேதான் பம்பு நுழைகிறது. நுழைந்தவுடன் பாறை அதை மறித்தது. பெரியவர் இதை விளக்கிய விதம் இன்னும் காதில் இருக்கிறது: "பம்பு தண்ணிய உறிஞ்சும்னு நெனைக்காதீங்க. வெளிய இருக்கற காத்துதான் தண்ணிய அழுத்திக் கொழாய்ல ஏத்துது. இருவத்தஞ்சு அடிக்கு மேல காத்துக்கே தெம்பு இல்லீங்க." இயற்பியல் ஆசிரியர்கள் வளிமண்டல அழுத்தம் என்று நடத்தும் பாடம் இதுதான். கணக்குப்படி பத்து மீட்டர். குழாயின் உராய்வையும் கசிவையும் கழித்தால் ஏழு எட்டு மீட்டர். அறுபதடிக் கிணற்றின் மேலே பம்பை வைத்தால் ஒரு சொட்டும் ஏறாது. எனவே கொங்கு விவசாயி கிணற்றின் சுவரிலேயே பாறையைக் குடைந்து மேடை அமைத்து, மோட்டாரையும் பம்பையும் உள்ளே இறக்கி வைத்தார். கோடையில் நீர் கீழே போனால் பம்பையும் கீழே இறக்க வேண்டும். ஐப்பசி மழையில் நீர் ஏறினால் மோட்டார் மூழ்குவதற்குள் மேலே ஏற்ற வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த கனத்த பம்பு இந்த ஏற்ற இறக்கத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. சிறியதாக, தூக்கி இறக்கக் கூடியதாக, கைக்கெட்டும் விலையில், பழுதானால் மறுநாளே உதிரிப்பாகம் கிடைக்கக் கூடியதாக ஒன்று வேண்டியிருந்தது. அதை வார்த்துக் கொடுக்க, மில் இயந்திரங்களைப் பழுது பார்க்கவென்று ஏற்கெனவே முளைத்திருந்த பட்டறைகளும் லேத்துகளும் ஊரில் இருந்தன. 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறக்கட்டளையின் தொழிற்பயிற்சிக்கூடம் ஆட்களைத் தந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரையே உள்ளூரில் செய்துவிட்டார்கள்.

கங்கைச் சமவெளியில் என்ன நிலைமை என்று ஒப்பிட்டால், நிலம் தொழிலை எப்படி வடிக்கிறது என்பது இன்னும் தெளிவாகும். அங்கே பாறை இல்லை. ஆறுகள் கொண்டுவந்து குவித்த வண்டல், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு. பல இடங்களில் தண்ணீர் சில மீட்டரிலேயே கிடைக்கும். பீகாரின் கோசி ஆற்றுப் பகுதியில் 1960-களின் பிற்பகுதியில் விவசாயிகள் இரும்புக் குழாய்க்குப் பதிலாக மூங்கிலைக் கொண்டே ஆழ்குழாய்க் கிணறு அமைத்தார்கள். மூங்கில் பட்டைகளை வளையங்களில் கட்டி, சுற்றிலும் கயிறு சுற்றி, மணலுக்குள் இறக்கி, மேலே ஒரு டீசல் எஞ்சினை வைத்து இறைத்தார்கள். ஒரே எஞ்சினை வண்டியில் ஏற்றிப் பல கிணறுகளுக்குக் கொண்டுபோனார்கள். அற்புதமான தீர்வு. ஆனால் மூங்கிலே போதும் என்று சொல்லும் நிலம் பவுண்டரிகளைப் பெற்றெடுக்க வேண்டிய தேவை இல்லை. நம் பாறை, தண்ணீரை எளிதில் கொடுக்க மறுத்ததன் மூலம் ஒரு தொழிலை வற்புறுத்தி வரவழைத்தது. வடக்குச் சமவெளியையும் தீபகற்பப் பீடபூமியையும் வேறுபடுத்தச் சொன்னால் மாணவர்கள் வண்டல் படிவு, கடினப் பாறை என்று எழுதுவார்கள். அந்த இரண்டு சொற்களுக்குள் மூங்கில் கிணறும் வார்ப்பிரும்புப் பம்பும் அடங்கியிருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

தாது இருந்த ஊர்

இப்போது கோட்டின் வலப்பக்கத்துக்குப் போவோம். கனிமம் சார்ந்த தொழில் கனிமம் உள்ள இடத்தில் அமையும் என்றால் அது சேலத்தில் அமைந்திருக்க வேண்டும். அங்கே கஞ்சமலையில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது இருப்பது நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. கொங்கு நாட்டு உலைகளின் பழமைக்கு நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் அகழ்ந்தெடுத்த எஃகு உருக்கும் சான்றுகளே போதும். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் இந்தத் தாதுவின் மேல் மோகம் கொண்டு, 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பு ஆலை தொடங்கினார். பிறகு மலபார்க் கரையில் பேப்பூரிலும் ஒன்று. நல்ல இரும்பு வந்தது, இங்கிலாந்துக்கும் போனது. ஆனால் உலைகள் விறகுக்கரியில் எரிந்தன. காடு எவ்வளவு நாள் தாங்கும்? பணத் தட்டுப்பாடும் எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டன. தாதுவை இரும்பாக்கும் கோக் கரிக்கு ஏற்ற நிலக்கரி தமிழ்நாட்டின் நிலத்தடியில் இல்லை. நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. கொதிகலனுக்கு ஆகும், ஊதுலைக்கு ஆகாது. கஞ்சமலைத் தாதுவிலும் இரும்பின் பங்கு நூற்றுக்கு நாற்பதைத் தொடாது. அறுபதுக்கு மேல் இரும்பு கொண்ட ஒடிசா, ஜார்க்கண்ட் தாதுக்களோடு அது போட்டியிட முடியாது.

பல்லாண்டு கோரிக்கைக்குப் பிறகு 1970-இல் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது. கஞ்சமலையின் பக்கத்திலேயே அந்த ஆலை நிற்கிறது. ஆனால் தொடங்கிய பின் பல ஆண்டுகள் அது செய்தது, வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் வேலை. மலை ஒரு பக்கம், ஆலை ஒரு பக்கம்; தாதுவுக்கும் உலைக்கும் தொடர்பே இல்லை. தாது இருந்த ஊரில் தாது சார்ந்த தொழில் வரவில்லை, இல்லாத ஊரில் நூற்றுக்கணக்கான வார்ப்பட உலைகள் எரிந்தன. இரண்டு ஊர்களுக்கும் இடையே 160 கிலோமீட்டர்தான்.

நம் ஊர்க்காரர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் ஒன்றுண்டு: கொங்கு மக்களின் உழைப்பும் சாமர்த்தியமும். திருமண மேடைகளிலும் வணிகச் சங்கக் கூட்டங்களிலும் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அதை மட்டுமே சொல்லும்போது விடுபட்டுப் போகும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். முதலாவது பைகாரா. நீலகிரியின் உச்சியில் பெய்யும் மழையைச் செங்குத்தான சரிவில் இறக்கி 1932-இல் மின்சாரம் எடுத்தார்கள். மலையின் உயரமும் ஈரமும் கம்பி வழியாக வறண்ட பீடபூமிக்கு வந்து சேர்ந்தன. 1930-களில் கோயம்புத்தூரில் மில்கள் பெருகியதும் கிணற்று மேடைகளில் மின்மோட்டார்கள் இறங்கியதும் அதற்குப் பிறகுதான். மலையும் பீடபூமியும் தேர்வில் எதிரெதிர்ப் பக்கங்கள். இங்கே ஒன்று மற்றொன்றின் மின்கட்டணத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது, சொன்னால் பலருக்குப் பிடிக்காத ஒன்று. 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை மத்திய அரசு சரக்குக் கட்டணச் சமன்பாடு என்ற கொள்கையைக் கடைப்பிடித்தது. ஜாம்ஷெட்பூரிலோ துர்காபூரிலோ வார்த்த இரும்பும் எஃகும், ஆலைக்கு அருகில் இருப்பவருக்கும் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைத்தன. தூரத்தின் செலவை நாடு முழுவதும் பகிர்ந்துகொண்டது. "காசு குடுத்தா ரயில்ல வரும்" என்று பெரியவர் அலட்சியமாகச் சொன்னாரே, அந்த அலட்சியத்தின் ஒரு பகுதியை பீகாரும் வங்காளமும் ஒடிசாவும் செலுத்தின. தாதுவுக்குப் பக்கத்தில் இருப்பதால் கிடைக்க வேண்டிய ஆதாயம் அந்த மாநிலங்களுக்குக் கிடைக்காமலே போயிற்று. பருத்திக்கு அப்படியொரு சமன்பாடு இல்லை என்ற வங்காளத்தின் குறை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். இயற்கைப் பிரிவுகளைப் பென்சிலால் வரைந்த பிறகு, அரசு ஒரு ரப்பரை எடுத்து அழிக்கவும் முடியும். நாற்பது ஆண்டு அழித்ததில் நாம் லாபம் அடைந்தவர்கள்.

ஆகவே அக்கா மகளுக்குப் பிறகு ஒருநாள் இதையெல்லாம் சொன்னேன். பம்புசெட்டு வலப்பக்கம்தான், ஆனால் அது இடப்பக்கத்துப் பருத்திக்காகப் பிறந்தது, அந்தப் பருத்தி முந்தைய பாடத்துப் பாறையால் தாகமெடுத்தது என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எழுதுனா மார்க் போடுவாங்களா மாமா?" என்றாள். ஆசிரியரின் விருப்பம் என்றேன். பாடநூலிலேயே "காரணம் கூறுக" என்றும் ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் அது வேறு பக்கத்தில், வேறு வினாக்களோடு நிற்கிறது. வேறுபடுத்தச் சொன்னதற்குக் காரணமும் கேட்டிருந்தால், ஒரே வினாவில் இரண்டு பாடங்கள் சந்தித்திருக்கும்.

நொய்யலின் உப்பு

இதையெல்லாம் எழுதும்போது கொங்கு நாட்டுத் தொழில்களின் பெருமைப் பட்டியலாக இது முடிந்துவிடக் கூடாது என்பதால், அதே பருத்தியின் அடுத்த கட்டத்துக்குப் போகிறேன். தீபகற்ப ஆறுகள் பருவகால ஆறுகள், இமயமலை ஆறுகள் வற்றாதவை. பத்தாம் வகுப்பில் இதை எழுதாதவர் இல்லை. இந்த வரியின் முழுப் பொருளும் திருப்பூரில் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், மலையை விட்டு இறங்கியதும் மழை மறைவு நிலத்தில்தான் முழுதும் ஓடிக் காவிரியில் சேர வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி அதில் சொந்த நீர் கிடையாது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். சாயம் இழையோடு பிணைய உப்பு துணை செய்கிறதே தவிர, துணியில் தங்குவதில்லை. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறும். பின்னலாடை ஏற்றுமதி பெருகிய ஆண்டுகளில், நொய்யலில் ஓடியது பெரும்பாலும் அந்தக் கழிவுநீர்தான். நீர் பெருகி ஓடும் ஆறாக இருந்திருந்தால் உப்பு கரைந்து நீர்த்துக் கீழே போயிருக்கும். அதுவும் நல்லதல்ல, ஆனால் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. இங்கே எல்லாம் தெரிந்தது. கரூர்ப் பகுதிப் பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசன நீருக்குப் பதிலாகச் சாயக்கழிவைத் தேக்கியது. அந்த நீர் பாறைப் பிளவுகள் வழியாகக் கிணறுகளுக்குள் இறங்கியது. பம்புசெட்டைப் பிறப்பித்த அதே பிளவுகள்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறையை நிறுவிய பட்டறைகளே மீண்டும் இயங்க முடிந்தது. சவ்வு வழியாக நீரைப் பிழிந்து எடுத்து, மிஞ்சிய உவர்நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, நீரையும் உப்பின் ஒரு பகுதியையும் மறுபடி பயன்படுத்துகிறார்கள். தொழில்நுட்பமாக இது பெரிய சாதனை, செலவாகவும் பெரிய செலவு. பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கப்படுகின்றன. உப்பளத்திலிருந்து மேட்டுக்கு லாரியில் ஏறி வந்த உப்புக்குத் திரும்பிப் போக வழியில்லை. கடலுக்குக் குழாய் போடலாம் என்ற யோசனை பலமுறை பேசப்பட்டது. நடுவே உள்ள தூரமும் செலவும் எதிர்ப்பும் அதைப் பேச்சாகவே நிறுத்திவிட்டன.

வேளாண் சார்ந்த தொழில் என்றால் மாசு குறைவு, கனிமம் சார்ந்த தொழில் என்றால் மாசு அதிகம் என்று சில வழிகாட்டி நூல்கள் ஒரு வரி சேர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சாயப்பட்டறை பருத்தித் தொழிலின் ஒரு கட்டம். ஆகவே அது இடப்பக்கம். சுத்திகரித்த உவர்நீரைக் கடலுக்குள் குழாய் வழியே விட அனுமதி பெற்ற ஒரு கடலோரப் பட்டறையும், நொய்யல் கரையில் உள்ள பட்டறையும் அந்த வரியின்படி ஒரே இனம். ஆனால் ஒருவருக்கு ஆவியாக்கும் கொதிகலனுக்கான விறகுச் செலவு இல்லை, மற்றவர் அதை ஒவ்வொரு கிலோ துணியின் விலையிலும் ஏற்ற வேண்டும். இருவரும் வாங்குவது ஒரே மில்லின் நூலாகக்கூட இருக்கலாம்.